எஞ்சிய சில ராத்தல்கள்: இன்சுலினும் உடலெடையும்

மூணாற்றுப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து நிறுக்கும் வேளையில் தொழிலாளிப் பெண்கள் தராசைச் சுற்றிக் கூடுவர். அங்கே எடை மிகுந்தால் மகிழ்ச்சி. தம் உடலின் எடை மிகுந்தாலோ எவருக்கும் கவலையே. அக்கவலை பொதுவானதுதான், எனினும் முதல் வகை நீரிழிவு உடையவர்களிடத்தில் அது தனியொரு பிரச்சினையாகிறது. பிறர் ஆகாரத்தைச் சற்றுக் குறைத்து, நடையைச் சற்று மிகுத்து நான்கைந்து ராத்தலைக் குறைத்துக்கொள்ளலாம். இவர்களோ ஆகாரம், நடை ஆகிய இரண்டோடு இன்சுலின் என்னும் மூன்றாவதையும் வேளைதோறும் கணக்கிட்டாக வேண்டும். (கிலோகிராம் வழக்கத்துக்கு வந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் குறைக்க வேண்டிய எடை மிகச் சிறிதாகும்போது ராத்தல் என்ற பழைய அளவு வசதியானது. ஒரு ராத்தல் ஏறக்குறைய 454 கிராம்.)

பாலக்காட்டுச் சமவெளியில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களிலும், இடுக்கி மலையில் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. கேரளத்தில் நீரிழிவு மிகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான பேராய்வின்படி, அம்மாநிலத்தில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் இந்நோய் உண்டு. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். ஆகையால் வீட்டிலும் வீதியிலும் வழங்கும் யோசனை யாவும் அவ்வகைக்கு உரியதாகவே இருக்கிறது. சோற்றைக் குறை, நட, எடை இறங்கினால் சர்க்கரையும் இறங்கும் என்பதே அது. இரண்டாம் வகையினருக்கு இது நல்ல யோசனை. கணையத்தில் இன்சுலின் அறவே சுரக்காத முதல் வகையினர், ஊசியின் அளவை மாற்றாமல் இதனை அப்படியே பின்பற்றினால் கொழுந்து எடுக்கும் சரிவிலேயே மயங்கி விழ நேரும்.

இன்சுலின் என்பது உடலில் சேமிப்பை நடத்தும் சுரப்பு. இரத்தத்திலுள்ள குளுகோஸ் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் புகுவதற்கு அது வழிசெய்கிறது. சேமித்த கொழுப்பு கரையாதபடியும் தடுக்கிறது. அது இல்லாவிடில் உடல் தன்னையே தின்று உருகும். 1922ஆம் ஆண்டுக்கு முன் இந்நோயாளிகளுக்கு வைத்தியர்கள் அறிந்திருந்த சிகிச்சை பட்டினி ஒன்றே. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் கனடாவின் டொரண்டோ நகரில் பான்டிங் என்பவரிடம் சிகிச்சைக்கு வந்தபோது, ஏறத்தாழ 15 வயதில் அவள் எடை 45 ராத்தல் அளவே. அவளுக்கு ஏறிய ஒவ்வொரு ராத்தலும் ஓர் உயிர்ப்பிச்சை. அவள் 1981 வரை வாழ்ந்தாள்.

எடை கூடுவதற்கும் அதே மருந்தே காரணமாகிறது. இரத்தத்தில் குளுகோஸ் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, மிகுதி சிறுநீரில் கழியத் தொடங்குகிறது. கட்டுப்பாடற்ற நிலையில் நாளொன்றுக்கு 100 கிராம் கழிந்தால், உண்ட உணவில் 400 கலோரி வீணாகிறது என்று பொருள். சிகிச்சை செம்மைப்பட்டதும் இவ்விரயம் நின்றுவிடுகிறது. உணவு பழைய அளவிலேயே இருந்தால் மிச்சப்பட்டது உடலில் தங்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளிகளைக் கொண்டு நடந்து 1993இல் முடிவு வெளியிட்ட பெரும் பரிசோதனையில், தீவிர சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தாண்டு முடிவில் ஏனையோரைவிடச் சராசரி 4.6 கிலோகிராம், அதாவது 10 ராத்தல், கூடுதலாகப் பருத்திருந்தனர். ஆனால் கண்ணின் விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் அபாயம் அவர்களுக்கு நூற்றுக்கு 76 பங்கு குறைந்திருந்தது. பார்வையைக் காத்த மருந்து கொடுத்த பத்து ராத்தலை நோயாகக் கருதுவது நியாயமன்று. அதனைக் குறைக்க விரும்புவதும் தவறன்று.

இங்கே ஓர் அபாயமான குறுக்கு வழியைக் குறிப்பிடுதல் அவசியம். ஊசியை விட்டுவிட்டால் எடை விரைவில் இறங்கும் என்பதை நோயாளிகள், சிறப்பாக இளம்பெண்கள், தாமாகவே கண்டுகொள்கின்றனர். அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டு அதனை மறைப்பதும் உலகெங்கும் மருத்துவர்கள் அறிந்த செய்தி. இறங்குவது கொழுப்பு மட்டுமன்று. நீரும் தசையும் சேர்ந்தே இறங்குகின்றன. கொழுப்பு அளவின்றிக் கரைவதால் கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் பெருகும். அடங்காத் தாகம், வாந்தி, வயிற்றுவலி, பழவாடை வீசும் மூச்சு, ஆழ்ந்த வேகமான சுவாசம் ஆகியவை அதன் அறிகுறிகள். இது சில மணி நேரத்தில் முற்றிவிடக்கூடியது. தோட்டத்து லயத்திலிருந்து போடிமெட்டு வழியே தேனிக்கோ, மறுபுறம் கோட்டயத்துக்கோ நோயாளியைக் கொண்டுசெல்வதற்குள் அந்த நேரத்தில் பெரும்பகுதி மலைப்பாதையிலேயே கழிந்துவிடும். எடைக் கவலையைக் கேட்டதும் நோயாளியைக் கடிந்துகொள்ளும் வைத்தியரும் இவ்வழக்கத்தை மறைமுகமாக வளர்க்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

அங்ஙனமாயின் முறையான வழி யாது? கடைசிச் சில ராத்தல்கள் பெரும்பாலும் சாப்பாட்டில் ஒளிந்திருப்பதில்லை. சர்க்கரைத் தாழ்வுக்காக உண்பதில் ஒளிந்திருக்கின்றன. கணக்கைப் பார்ப்போம். ஒரு ராத்தல் கொழுப்பு ஏறக்குறைய 3,500 கலோரிக்குச் சமம். மலைச்சரிவில் ஒரு மணி நேரம் ஏறியிறங்கும் பெண் சுமார் 250 கலோரி செலவிடுகிறாள் எனக் கொள்வோம். ஊசியின் அளவு பழையபடியே இருப்பின் இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், அடங்காப் பசி எழும். அப்போது கையில் அகப்பட்ட நேந்திரம்பழமும், பன்னும், சர்க்கரை மிகுந்த தேநீரும் உள்ளே போய்விடும். நடந்து செலவிட்டது முழுவதும் திரும்பிவிடும், சில வேளைகளில் வட்டியுடன். இப்படி வாரத்துக்கு நான்கு முறை நேர்ந்தால், எவ்வளவு மனவுறுதி இருப்பினும் தராசு அசையாது. அவள் உணவுக்கு ஏற்ப ஊசி போடவில்லை. ஊசிக்குத் தீனி போடுகிறாள்.

தாழ்வு நேர்ந்தபின் தேவைப்படுவது 15 கிராம் குளுகோஸ் மட்டுமே. அது 60 கலோரி. மூன்று தேக்கரண்டி நிறையச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து மீண்டும் சோதிக்க வேண்டும். மறையூர் வெல்லமும் இதற்கு உதவும். ஆனால் வெல்லம் சர்க்கரையைவிடத் தீங்கற்றது என்று எண்ணி அதை அன்றாடம் உண்பதற்கு ஆதாரமில்லை. பழத்தின் குளுகோஸ் மெதுவாகவே இரத்தத்தில் சேரும். அதற்குள் பயம் மேலும் உண்ணச் செய்யும்.

தாழ்வே நேராமல் தடுப்பது இதனினும் சிறந்தது. நடைக்கு முந்திய வேளையின் ஊசியைக் குறைப்பது, உணவைக் குறைக்கும் நாளிலேயே அதற்குரிய இன்சுலினையும் குறைப்பது, எடை இறங்க இறங்க நாள் முழுவதும் வேலை செய்யும் நீண்டகால இன்சுலினையும் மறுபடி அளவிடுவது ஆகியவை இதற்குரிய முறைகள். எவ்வளவு குறைப்பது என்பதைச் சோதனைக் குறிப்பேட்டைக் கண்ட வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். கடும் உழைப்புக்குப் பல மணி நேரம் கழித்து, உறக்கத்திலும் தாழ்வு வரலாம். அந்த அச்சத்தால் தினமும் படுக்குமுன் பாலும் பழமும் உண்ணும் பழக்கம் பலருக்கு உண்டு. அவ்வாறு உண்ணாமல் விடியும்வரை நிற்க முடியாதெனில், இரவில் வேலை செய்யும் இன்சுலின் மிகுதியாக உள்ளதோ என வைத்தியரிடம் கேட்டல் தகும்.

குறைக்க வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கத்தால் எடையை வகுத்து வரும் எண் இந்தியர்களுக்கு 23க்கு உட்பட்டிருப்பது நலம். ஐந்தடி உயரமுள்ளவருக்கு இது சுமார் 53 கிலோகிராம், அதாவது 118 ராத்தல். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு உட்படுதல் வேண்டும். இவ்வெல்லைகளுக்குள் இருப்பவர், திருமணத்துக்கு முன் இன்னும் நான்கு ராத்தல் என்று முனைவதை உறவினர் தூண்டாதிருப்பது நன்று. குறைக்க வேண்டியவர் வாரத்துக்கு அரை ராத்தலுக்கு மேல் விரைய வேண்டியதில்லை. அதற்கு நாளொன்றுக்கு 250 கலோரிக் குறைவு போதும். பாலக்காட்டு மட்டை அரிசியும் அரிசியே. ஒரு கிண்ணச் சோற்றை அரைக் கிண்ணமாக்கி, வட்டவடையின் பீன்ஸும் முட்டைக்கோசும் அவ்விடத்தை நிரப்பினால் பசி தெரியாது.

சிறுநீரில் குளுகோஸைக் கழியச் செய்யும் மாத்திரைகள் சில இரண்டாம் வகையினருக்கு வழங்கப்படுகின்றன. எடை குறையும் என்று கேட்டு அவற்றை அண்டை வீட்டாரிடம் வாங்கி உண்பது முதல் வகையினருக்கு விபரீதம். சர்க்கரை மிகாமலே கீட்டோன் அமில நிலை வந்து, நோய் மறைந்திருந்து தாக்கும். 2025இல் எடை குறைப்புக்கென இந்தியச் சந்தைக்கு வந்த ஊசிகளும் முதல் வகை நீரிழிவுக்கென அங்கீகரிக்கப்பட்டவை அல்ல. வளரும் பிள்ளைகளுக்கு எடைக் குறைப்பு முயற்சியே வேறு. அதனை மருத்துவரின் பார்வையிலன்றித் தொடங்கலாகாது. கேரளச் சமூகப் பாதுகாப்பு மிஷனின் ‘மிட்டாயி’ திட்டம் இத்தகைய பிள்ளைகளுக்கு இன்சுலினும் சோதனைக் கருவிகளும் வழங்குவதற்கென ஏற்பட்டது.

எடையை வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமையில், அதே வேளையில் பார்த்துக் குறித்தால் போதும். முயற்சியொன்றும் இன்றியே ஒரு வாரத்தில் இரண்டு மூன்று ராத்தல் இறங்கி, கூடவே தாகமும் மிகுந்தால் மகிழ்வதற்கில்லை. உடனே இரத்தச் சர்க்கரையைச் சோதித்து வைத்தியரை நாட வேண்டும். இன்சுலின் குப்பியையும் ஐயுற வேண்டும். பாலக்காட்டில் கோடை உஷ்ணம் 40 பாகை அளவை எட்டுவதுண்டு. அதில் மருந்து வீரியம் இழக்கும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானை ஒன்றை வைத்து அதில் குப்பியைக் காக்கலாம். மூணாற்றில் நிலைமை நேர்மாறு. அங்கே சனவரி மாதத்தில் உறைபனி விழும் இரவுகள் உண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலின், பின்னர் உருகித் தெளிவாகத் தோன்றினாலும் உதவாது. அக்குப்பியை எறிந்துவிட்டுப் புதியதை எடுக்க வேண்டும்.