அன்புக்கும் அறிவு வேண்டும்

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு மாலை. எங்கள் விடுதியின் வேப்பமரத்தடியில் மைனாக் குஞ்சு ஒன்று தத்தித் தத்திச் சென்றுகொண்டிருந்தது. உடலெங்கும் இறகு முளைத்திருந்தது. வால் மட்டும் குட்டை. தில்லி வெயிலில் தாயைப் பிரிந்து தவிக்கிறதே என்று இரங்கி, அதை எடுத்துவந்து அட்டைப் பெட்டியில் வைத்தேன். விடுதிக் காவலரின் எட்டு வயது மகனும் உடன் வந்தான். இருவரும் பாலில் நனைத்த ரொட்டியை ஊட்டினோம். வாயைத் திறந்து நீரும் விட்டோம். பொழுது விடியுமுன் குஞ்சு இறந்துவிட்டது.

"அண்ணா, நாம்தான் கொன்றோமா?" என்று இந்தியில் கேட்டான் சிறுவன். இரசாயனம் பயிலும் எனக்கு நா எழவில்லை. பிறகுதான் நூல்களைப் புரட்டினேன்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் இருப்பது இயற்கையே. கூட்டை விட்டு இறங்கிப் பறக்கப் பழகும் பருவம் அது. தாயும் தந்தையும் அருகிலிருந்தே புழு பூச்சிகளைக் கொணர்ந்து ஊட்டும். நாம் சூழ்ந்து நின்றால் அவை நெருங்கா. பறவைக்குப் பால் செரிக்காது. அதன் மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே இருப்பதால், நாம் விடும் நீர் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் வெறும் கட்டுக்கதை.

ஆகவே நண்பர்களே, இறகு முளைத்த குஞ்சைக் கண்டால் பூனையும் நாயும் அண்டாமல் பார்த்துக்கொண்டு, தள்ளி நில்லுங்கள். நடைபாதையில் கிடந்தால் அருகிலுள்ள புதரில் விடுங்கள். இறகு முளைக்காத குஞ்சாயின், கூடு எட்டுமானால் அதிலேயே வைத்துவிடுங்கள். காயம்பட்டிருந்தால் காற்றோட்டமுள்ள பெட்டியில், இருட்டில் வைத்து, எதையும் ஊட்டாமல் மருத்துவரிடம் சேருங்கள். செங்கோட்டைக்கு எதிரே, சமணர் கோயிலில், பறவைகளுக்கென்றே மருத்துவமனை ஒன்று உண்டு.

கோடையில் அறைக்கு வெளியே ஆழமில்லாத மண்சட்டியில் நீர் வையுங்கள். சிறு பறவை நின்று பருக ஒரு கல்லையும் இடுங்கள். நாள்தோறும் கழுவி நீரை மாற்றாவிட்டால் கொசுதான் பெருகும்.

உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்று 1976-இல் நம் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தனர். ஆனால் குழந்தைகள் சட்டத்தைப் படித்து இரக்கம் கற்பதில்லை; நம் கைகளைப் பார்த்தே கற்கின்றனர். அன்று அச்சிறுவன் என்னிடம் கற்றது அன்பு, கூடவே அறியாமையும்.

இவ்வாண்டும் அம்மரத்தடியில் ஒரு குஞ்சு இறங்கியது. எடுக்க ஓடிய தோழர்களைத் தடுத்து, சுவரோரம் உட்கார வைத்தான் அவன். கால் மணி நேரம் சென்றது. அலகில் புழுவுடன் தாய் மைனா வந்தது. சிறுவன் திரும்பி என்னைப் பார்த்தான். சென்ற ஆண்டு அவன் கேட்ட கேள்விக்கு, "ஆம் தம்பி" என்று அன்றுதான் விடை சொன்னேன்.