கேட்டா புரியும், பேச வராது: வீட்டு மொழி எங்கே நழுவுது?



போன லீவுக்கு எங்க ஊர் களியக்காவிளைக்குப் போயிருந்தேன். அம்மூம்மா ஒரு தட்டு நிறைய பலாச்சுளை எடுத்துட்டு வந்து, சென்னையில வளர்ற என் அக்கா பையன்கிட்ட, "மோனே, சக்க வேணோ?"ன்னு கேட்டாங்க. அவன் "நோ, தேங்க்ஸ்"னு சொல்லிட்டான். அவங்க கேட்டது அவனுக்கு நல்லாவே புரிஞ்சுது. பதில்தான் மலையாளத்துல வரல. அம்மூம்மா சிரிச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் அவன்கிட்ட அதிகம் பேசல.

அதனால இந்த எபிசோட்ல, வீட்டு மொழி ஒரு குழந்தைகிட்ட எப்படித் தங்கும், எப்படி நழுவும்னு பார்ப்போம்.

முதல்ல எங்க ஊரைப் பத்தி. நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் போற ரோட்டுல, தமிழ்நாட்டோட கடைசி ஊர் களியக்காவிளை. தாண்டினா பாறசாலை, கேரளா. 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டோட சேர்ற வரைக்கும் விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலதான் இருந்தது. எல்லை மாறிச்சு, ஆனா வீட்டுப் பேச்சு மாறல. இங்க தமிழ் பேசற வீட்டுலயும் பலா 'சக்கை'தான், 'என்னுடைய வீடு' 'எனக்க வீடு'தான். எங்களை மாதிரி மலையாளம் பேசற வீடுகளும் உண்டு.

அதே நாள்ல அமலுக்கு வந்த ஏழாவது அரசியல் சட்டத் திருத்தம், 350ஏ பிரிவைக் கொண்டுவந்துச்சு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கப் பள்ளியில தாய்மொழியில படிக்க வசதி செய்யணும்னு அது சொல்லுது. ஆனா பள்ளிக்கூடத்தோட சட்டம் நின்னுடும். சாப்பிடும்போது என்ன மொழியில பேசறதுங்கிறது நம்ம கையில.

அங்கதான் சிக்கல். "வீட்டுலயும் இங்கிலீஷே பேசுங்க, இல்லன்னா குழந்தை குழம்பிடும்"னு பல பெற்றோர் கேட்டிருப்பீங்க. குழந்தை ரெண்டு மொழியைக் கலந்து பேசினா அது குழப்பம் இல்லை. தெரிஞ்ச எல்லா வார்த்தையையும் அது பயன்படுத்துது, அவ்வளவுதான்.

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, பள்ளியில கிக்குயு பேசின பிள்ளைகளுக்கு அடி விழுந்ததை, கழுத்துல தகடு மாட்டினதை 1986-ல வந்த தன்னோட புத்தகத்துல எழுதியிருக்கார். நம்ம வீட்டுல யாரும் அடிக்கறதில்ல. இங்கிலீஷ்ல பேசினா கை தட்டறோம், வீட்டு மொழியில பேசினா கண்டுக்கறதில்ல. குழந்தைக்கு அதுவே போதும்.

சரி, என்ன செய்யலாம்?

2003-ல பாட்ரீசியா கூல் குழுவினர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வெச்சாங்க. எதிர்ல உட்கார்ந்து ஒருத்தர் பேசினப்போ, அந்த மொழியோட ஒலிகளைப் பிரிச்சறியக் கத்துக்கிட்டாங்க. அதையே வீடியோவுல காட்டினப்போ கத்துக்கல. 2014-ல இன்னொரு ஆய்வு: ரெண்டு, ரெண்டரை வயசுக் குழந்தைகள் வீடியோ கால் மூலமா புது வார்த்தை கத்துக்கிட்டாங்க. பதிவு செஞ்ச வீடியோவுல இருந்து கத்துக்கல. காரணம், காலில் இருக்கறவங்க குழந்தை பேசறதுக்குப் பதில் சொல்றாங்க. அதனால மலையாள கார்ட்டூன் போட்டு விடறதை விட, அம்மூம்மாவோட பத்து நிமிஷ வீடியோ கால் மேல்.

இன்னொண்ணு, குழந்தை இங்கிலீஷ்ல பதில் சொன்னா திட்டாதீங்க. அதையே வீட்டு மொழியில திருப்பிச் சொல்லி, அடுத்த கேள்வி கேளுங்க. "வேண்டாமா? சரி, பின்ன என்ன வேணும்?" அது விளையாட்டா இருக்கட்டும், பரீட்சையா வேண்டாம். எழுத்து அப்புறம் வரும். முதல்ல அந்த மொழியில பேசித்தான் ஆகணும்னு ஒரு ஆள் வேணும், ஒரு நேரம் வேணும்.

எங்க வீட்டுல இப்போ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மூம்மா கால் வரும். நாங்க யாரும் நடுவுல மொழிபெயர்க்கறதில்ல. போன வாரம் அவன், "அம்மூம்மா, சக்க தீர்ந்நோ?"ன்னு கேட்டான். அம்மூம்மா பதில் சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆச்சு.

உங்க வீட்டுல யார் யாருக்கு கால் பண்ணணும்? இந்த ஞாயிறே ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.