ஐம்பது அங்குல உயரத்திலிருந்து ஓர் எஃகுக் குண்டு

அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் வெளிநாட்டு இணையக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கிறார். பவர், ஃபிரேம், நிறம் எல்லாம் சரிபார்த்துப் பணமும் கட்டியாயிற்று. பார்சல் அமெரிக்க விமான நிலையம் வரை வந்து நின்றுவிடுகிறது. பில் இருந்தால் மட்டும் போதாது, ‘டிராப் பால்’ சான்றிதழ் எங்கே என்கிறது கூரியர் நிறுவனம். சென்னையில் கண்ணாடி செய்து நியூ ஜெர்சி மகனுக்கு அனுப்பும் பெற்றோரையும் இந்தக் கேள்வி மடக்குவதுண்டு. கண்ணாடிக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் விழிப்பதில் நியாயம் இருக்கிறது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் கணக்கில் மூக்குக்கண்ணாடி ஒரு மருத்துவச் சாதனம். பவர் இல்லாத கூலிங் கிளாஸும் அப்படியே. அந்த லென்ஸ் தேற வேண்டிய பரீட்சை இதுதான். ஓர் அங்குல உள்விட்டமுள்ள குழாயின் விளிம்பில் நியோப்ரீன் ரப்பர் வளையத்தைப் பொருத்தி, மேடான பக்கம் மேலே வரும்படி லென்ஸை அதன்மேல் வைக்கிறார்கள். 5/8 அங்குல விட்டமும் ஏறத்தாழ 16 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு ஒன்றை 50 அங்குல உயரத்திலிருந்து விடுகிறார்கள். அது லென்ஸின் நட்ட நடுவில், தன் விட்டமே உள்ள ஒரு வட்டத்துக்குள் விழ வேண்டும். லென்ஸ் துண்டாகப் பிளக்கக் கூடாது. கண்ணை நோக்கிய பக்கத்திலிருந்து வெறும் பார்வைக்குத் தெரிகிற சில்லு எதுவும் பெயரக் கூடாது. பாதியில் நின்றுபோன விரிசல் என்றால் பாஸ். லென்ஸ் வீணானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். விதி கவலைப்படுவது பின்னால் இருக்கும் கண்ணுக்காக.

இந்த அடியின் பலம் என்ன? 127 செ.மீ. கீழே வரும் குண்டு மோதும்போது அதன் வேகம் நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. ஆற்றல் 0.2 ஜூல்தான். தொழிற்சாலைகளில் அணியும் உயர்தரப் பாதுகாப்புக் கண்ணாடியின் மேல் அதே உயரத்திலிருந்து அரைக் கிலோ எடையுள்ள கூர்முனை ஒன்றைப் போட்டுச் சோதிக்கிறார்கள். அது முப்பது மடங்கு பலமான அடி. ஆகவே சான்றிதழோடு வந்த கண்ணாடிதானே என்று அதைப் போட்டுக்கொண்டு கிரைண்டிங் வேலைக்குப் போவது முட்டாள்தனம்.

இந்த விதி 1972இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை சாதாரணக் கிரவுன் கண்ணாடியில் செய்த லென்ஸ்கள் புழங்கின. அவை நொறுங்கிக் கண்ணைக் குத்திய விபத்துகளே விதிக்குக் காரணம். கண்ணாடி உடையும் விதமே விசித்திரமானது. குண்டு முன்பக்கம் விழுகிறது. விரிசலோ பெரும்பாலும் பின்பக்கம் தொடங்குகிறது. அடி விழுந்ததும் லென்ஸ் மிக லேசாக வளைய, முன்பக்கம் நெருக்கப்பட்டுப் பின்பக்கம் இழுபடுகிறது. நெருக்குதலைக் கண்ணாடி அபாரமாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதன் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் நிறைய உண்டு. இழுப்பு அவற்றை வாய்பிளக்கச் செய்கிறது. 1921இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அப்படியானால் பரப்பை முன்கூட்டியே நெருக்கி வைத்துவிட்டால்? லென்ஸைச் சுமார் 440 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட் உப்பில் 16 மணி நேரம்போல ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியின் மேல்தோலில் உள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றைவிடப் பருத்த பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் புகுந்துகொள்கின்றன. இரண்டு பேர் பஸ் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்த கதைதான்: எல்லோரும் நெருக்கியபடி இருப்பதால் இடையில் பிளவு விழ வழியில்லை. அடி விழுந்தால் முதலில் இந்த நெருக்குதலைத் தளர்த்திய பிறகுதான் இழுப்பு தொடங்க முடியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது விதியின் இன்னொரு வரி. பவர் உள்ள கண்ணாடி லென்ஸ் என்றால், சில விதிவிலக்குகள் போக, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். எஃகுக் குண்டிடம் அடிவாங்கிப் பிழைத்ததுதான் மூக்கில் ஏறும்! பிளாஸ்டிக் லென்ஸுக்கு இந்தச் சிரமம் இல்லை. ஒரு தொகுப்பிலிருந்து புள்ளியியல் முறைப்படி மாதிரி எடுத்துச் சோதித்தால் போதும். இன்று பெரும்பாலான லென்ஸ்கள் பிளாஸ்டிக்தான். 1940களில் பிறந்த சி.ஆர்.-39 என்ற பிளாஸ்டிக், இரண்டாம் உலகப் போரில் விமான எரிபொருள் தொட்டிகளை வலுப்படுத்திவிட்டு மூக்குக்கு வந்தது. பின்னால் வந்த பாலிகார்பனேட் இன்னும் முரட்டுப் பேர்வழி. கூடுதல் காசு கொடுத்துப் போடும் ஆன்டி-கிளேர் கோட்டிங் சில சமயம் லென்ஸின் வலிமையைக் குறைத்துவிடும் என்பது வேடிக்கை. கோட்டிங் கெட்டியானது, நொறுங்கும் இயல்புடையது; பின்பக்கத்தில் அது கீறினால் அந்தக் கீறல் உள்ளேயும் இறங்கும்.

சுங்கத்தில் யாரும் குண்டு போட்டுப் பார்ப்பதில்லை. அங்கே நடப்பது காகிதச் சோதனை: உற்பத்தியாளர் பெயர், முகவரி, லென்ஸ் எதனால் ஆனது, சோதித்ததற்கான சான்று. காகிதம் சரியில்லை என்றால் பார்சல் அங்கேயே முடங்கும். வரி வேறு விஷயம். 800 டாலருக்கு மேற்படாத பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் அமெரிக்கா நிறுத்தியது. விலக்கு இருந்த காலத்திலும் எளிதில் நொறுங்கும் லென்ஸை விற்க அனுமதி இருக்கவில்லை. ஐரோப்பியர் வழி தனி: பவர் லென்ஸின் மேல் 22 மி.மீ. எஃகுக் குண்டை வைத்து 100 நியூட்டன் விசையால் மெதுவாக அழுத்துகிறார்கள். அழுத்தத்தைத் தாங்கும் லென்ஸ் திடீர் அடியையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஐரோப்பியச் சான்றை நீட்டினால் அமெரிக்கக் கேள்விக்குப் பதில் ஆகாது. ஆர்டர் போடுமுன் விற்பவரிடம் ‘டிராப் பால்’ சான்று பார்சலோடு வருமா என்று கேட்டுவிடுவது நல்லது.

கான்டாக்ட் லென்ஸுக்குச் சட்டம் இன்னும் கறார். கண்ணின் நிறத்தை மாற்ற மட்டுமே போடும் லென்ஸுக்குக்கூட 2005 முதல் அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு வேண்டும். மூக்குக்கண்ணாடி விஷயத்தில் அந்தச் சான்றிதழ் பேசுவது உடைவதைப் பற்றி மட்டுமே. இடக்கண் பவரை வலப்பக்கம் மாற்றிப் போட்டிருந்தாலும், கருமணிகளுக்கு இடையிலான தூரத்தை நாலு மி.மீ. தவறாக அளந்திருந்தாலும், குண்டுக்குத் தெரியாது, சுங்கமும் கேட்காது. போட்டுப் பார்த்துத் தலை வலித்தால், கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.