சாதிச் சான்றிதழும் அரசுப் பணியும்

அரசுப் பணியில் இடஒதுக்கீட்டின் பயனைப் பெறச் சாதிச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்பதால், அதன் உண்மைத்தன்மை குறித்து ஐயம் எழும்போது, பணியில் இருப்பவரின் வாழ்வாதாரமும் வாய்ப்பை இழந்தவரின் உரிமையும் ஒருசேர வழக்கின் பொருளாகின்றன.

சான்றிதழ்களை ஆராய மாநிலந்தோறும் கூர்நோக்குக் குழு அமைக்க வேண்டும் என்றும், காவல் துறையினர் அடங்கிய விசாரணைப் பிரிவு விண்ணப்பதாரரின் சொந்த ஊருக்கே சென்று விசாரிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1994ஆம் ஆண்டில் நெறிமுறை வகுத்தது. பொய்யான சான்றிதழால் கிடைத்த பணியை, நீண்டகாலம் பணியாற்றியதைக் காரணம் காட்டித் தக்கவைக்க முடியாது என்றும், பணப்பயன் முதலியவற்றைத் திரும்பப் பெற ஏமாற்றும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்றும் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

பழங்குடியினரின் வழக்கில் சடங்கு, வழிபாடு, திருமண முறை ஆகியவற்றை ஒப்பிடும் இனத்தொடர்புச் சோதனையும் நடைபெறுகிறது. ஆயினும் இடப்பெயர்வும் கல்வியும் பழைய வழக்கங்களை மாற்றிவிடுவதால், அச்சோதனையே முடிவானதன்று என்றும், விடுதலைக்கு முந்தைய ஆவணங்களுக்கே கூடுதல் சான்று மதிப்பு உண்டு என்றும் 2023ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது.

போலிகளைக் களைவது எவ்வளவு இன்றியமையாததோ, ஆவணம் சேமிக்க வழியற்றிருந்த உண்மையான பழங்குடியினரைக் காலதாமதமின்றி விசாரித்துக் காப்பதும் அவ்வளவு இன்றியமையாத நீதியாகும்.