காற்றுக்கும் வெயிலுக்கும் ஒரே கூரை

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் மிகச் சிறியது திரௌபதி ரதம். சிற்பங்களைக் காண வருகிறவர்கள் அதன் உச்சியைச் சற்று நின்று பார்த்தால் வியப்படைவார்கள். அது கோபுரமல்ல, குடிசை! ஏழாம் நூற்றாண்டில் பல்லவ நாட்டுச் சிற்பி, ஓலைக் கூரை வேய்ந்த குடிசையைப் பாறையில் செதுக்கி வைத்திருக்கிறான். கல்லில் வடித்த குடிசை பதின்மூன்று நூற்றாண்டுகளாக நிற்கிறது. ஓலையில் கட்டிய குடிசைகளோ புயல்தோறும் பறந்து, புயல் ஓய்ந்ததும் மீண்டும் எழுந்து வந்திருக்கின்றன.

ஓலைக் குடிசையில் ஒரு சுகம் உண்டு. சித்திரை வெயிலிலும் உள்ளே குளுமை குறையாது. ஆனால் காற்றுக்கு அது தாங்காது. கான்கிரீட் வீடு காற்றுக்குத் தாங்கும். ஆனால் கோடை இரவில் அதனுள்ளே கண்ணயர முடியாது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களிலும், உள்ளே தள்ளியிருக்கும் செங்கற்பட்டு கிராமங்களிலும் வீடு கட்டுகிற ஒவ்வொருவருக்கும் இதுதான் பிரச்னை. வெயில், புயல் என்ற இரண்டு எதிரிகளையும் ஒரே கூரை சமாளித்தாக வேண்டும்.

வந்து போன புயல்கள்

"நீலம்" புயல் 2012 அக்டோபர் 31-ஆம் தேதி மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. "வர்தா" 2016 டிசம்பர் 12-ஆம் தேதி சென்னைக்கு அருகே கரையேறி, ஆயிரக்கணக்கான மரங்களை வேரோடு சாய்த்தது. "மாண்டஸ்" 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மீண்டும் மாமல்லபுரத்தையே நாடி வந்தது.

மாண்டஸ் அடித்தபோது தங்கள் கூரை அசையவில்லை, ஆகவே இனிப் பயமில்லை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. காற்றின் கணக்கு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. அன்றிரவு கரை கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர் வரைதான் எட்டியது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 என்னும் விதித் தொகுப்பின் மூன்றாம் பாகம், சென்னையை ஒட்டிய இந்தக் கடற்கரையில் கட்டும் கட்டடங்கள் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்றை எண்ணி வடிவமைக்கப்பட வேண்டும் என்கிறது.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். 85 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 34 கிலோ பாரம் விழுகிறது என்றால், 180 கிலோமீட்டர் வேகத்தில் அது 153 கிலோ ஆகிவிடும். நாலரை மடங்கு! மாண்டஸில் தப்பிய கூரை, பெரும் புயலிலும் தப்பும் என்று சொல்ல முடியாது.

கூரை ஏன் பறக்கிறது?

காற்று தள்ளித்தான் கூரை விழுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. காற்று கூரை விளிம்பில் மோதி மேலே எழும்பித் தாண்டிச் செல்லும்போது, கூரையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைந்துவிடுகிறது. கூரை மேல் நோக்கி உறிஞ்சப்படுகிறது. அந்தச் சமயத்தில் கடலைப் பார்த்த ஜன்னலோ கதவோ உடைந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல்! பிறகு கூரைக்கு ஏது கதி?

பத்து சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ எடை உடையது. தன் எடையாலேயே அது உட்கார்ந்திருக்கும். அரை மில்லிமீட்டர் இரும்புத் தகடோ சதுர மீட்டருக்கு 4 கிலோதான். அதைக் காப்பாற்றுவது எடையல்ல, கட்டு ஒன்றுதான்.

தகட்டை ரீப்பர் பிடித்திருக்க வேண்டும். ரீப்பரைக் கைமரம் பிடித்திருக்க வேண்டும். கைமரத்தைச் சுவரின் தலையில் ஓடும் கான்கிரீட் வளையமும், அந்த வளையத்தைக் கம்பி வழியாக அஸ்திவாரமும் பிடித்திருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மற்றவை வீண். வெறும் ஆணி அடித்தால் காற்று அதைப் பிடுங்கிவிடும். கொக்கி போல்ட்டும், அகன்ற வாஷரும், இறுக்கிய மரையும் தேவை. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் உறிஞ்சல் அதிகம். ஆகையால் அங்கே போல்ட்டுகளை நெருக்கமாகப் போட வேண்டும். இருபுறம் மட்டும் சரியும் கூரையைவிட நான்கு புறமும் சரியும் கூரை காற்றை நன்றாகச் சமாளிக்கிறது. சரிவு 22 முதல் 30 டிகிரி வரை இருப்பது உத்தமம் என்பது நிபுணர்களின் அபிப்பிராயம்.

மீனவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. புயல் வருகிறதென்றால், பழைய வலையைக் கூரைமேல் விரித்து இழுத்துக் கட்டுவது கடலோர மக்களின் வழக்கம். பொறியியல் நூல் சொல்வதும் அதையேதான்.

இருபத்தெட்டு இஸ்திரிப் பெட்டிகள்

இனி வெயிலின் கணக்கைப் பார்க்கலாம். உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் கூரைமேல் ஏறக்குறைய 1,000 வாட் சூரிய சக்தி விழுகிறது. 300 சதுர அடித் தளம் சுமார் 28 சதுர மீட்டர். ஆக, 28 மின்சார இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி மொட்டை மாடியில் பரப்பி வைத்ததற்கு அது சமானம்! கான்கிரீட் அந்த உஷ்ணத்தைப் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் கீழே படுத்திருப்பவர்கள் மேல் இறக்குகிறது. தகடு இரவில் சீக்கிரம் ஆறிவிடும். பகலில் அதன் கீழே அடுப்பு வேண்டியதில்லை.

இது வெறும் அசௌகரியம் அல்ல. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. புயலைப் போலவே வெயிலும் உயிரைப் பறிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சூரியனே சுற்றும் விசிறி

அமெரிக்க வீடுகளில் அறையின் மச்சுக்கும் சரிந்த கூரைக்கும் இடையே பரண் போன்ற வெற்றிடம் உண்டு. வெயிலில் அது கொதிக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற, கூரைமேல் சிறு சூரியத் தகடு ஒன்றையும் அதனால் ஓடும் விசிறி ஒன்றையும் பொருத்துகிறார்கள். வெயில் ஏற ஏற விசிறியும் வேகமாகச் சுழலும். மின்கட்டணம் கிடையாது. கேட்பதற்கு அற்புதமாகத்தான் இருக்கிறது!

பிளாரிடா சூரிய சக்தி மையத்தார் இதை ஒரு வீட்டில் பொருத்தி அளந்து, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பரணின் உச்ச உஷ்ணம் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைந்தது. ஆனால் வீட்டைக் குளிரூட்டும் மின்செலவில் மிச்சமானது சுமார் 6 சதவீதம் மட்டுமே. காரணம் எளிது. விசிறி சூடான காற்றைத்தான் வெளியேற்றும். காய்ந்த கூரையிலிருந்து நேராக இறங்கும் கனலை அதனால் தடுக்க முடியாது.

நம் கான்கிரீட் வீடுகளில் பரணே கிடையாது. அங்கே இந்த விசிறிக்கு வேலையில்லை. தகடு வேய்ந்து, கீழே மச்சு அடித்த பள்ளிக்கூடம், பட்டறை, கடை ஆகியவற்றில் இது பயன்படலாம். அங்கும் தாழ்வாரத்தின் அடியில் காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும். வரும் வழி இல்லாவிட்டால், மச்சின் இடுக்குகள் வழியாக அறைக்குள்ளிருக்கும் குளிர்ந்த காற்றையே விசிறி உறிஞ்சித் தள்ளிவிடும்.

துளை போடுமுன் யோசனை

கூரையில் போடும் ஒவ்வொரு துளையும் புயலுக்குத் திறந்துவைக்கும் வாசல். 1992 ஆகஸ்ட் 24-ஆம் தேதி "ஆண்ட்ரூ" புயல் தென் பிளாரிடாவில் பல்லாயிரம் வீடுகளைச் சூறையாடிய பிறகு, அங்கே கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. மயாமி வட்டாரத்தில் கூரைமேல் பொருத்தும் காற்றுப்போக்கி கூட, புயல் காற்றையும் அதோடு சேர்ந்து அடிக்கும் மழையையும் தாங்குகிறதா என்று சோதித்து ஒப்புதல் பெற வேண்டும்.

இந்த எச்சரிக்கை செங்கற்பட்டு ஜில்லாவுக்கும் பொருந்தும். விசிறியையோ, காற்றில் தானே சுழலும் உருண்டைப் போக்கியையோ தகட்டில் மட்டும் திருகிவிட்டால் போதாது. அது கீழேயுள்ள சட்டத்தைப் பிடித்திருக்க வேண்டும். புயல் சமயத்தில் வாயை மூட மூடி வேண்டும். மொட்டை மாடியில் வைக்கும் சூரியத் தகடுகளுக்கும் இதே விதிதான். இரண்டு சதுர மீட்டர் தகட்டின் எடை இருபது கிலோவுக்குச் சற்று மேல். 180 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால், அதன்மேல் 300 கிலோவுக்கு மேல் பாரம் விழும். கட்டு சரியில்லாவிட்டால் அது பறந்து போய், அடுத்த வீட்டின் ஜன்னலைத் தேடும்.

எது முதலில்?

குடிசைகளுக்குப் பதில் நிலையான வீடு தரும் "கலைஞரின் கனவு இல்லம்" திட்டம் 2024-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. வெயிலின் முழுப் பாரமும் அந்த 300 சதுர அடியில் இறங்கும். மீதி 60 சதுர அடியில் தகடு போட்டால், புயல் முதலில் கை வைக்கப் போவது அங்கேதான்.

ஆகவே சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள் வரிசை தவறாமல் செய்ய வேண்டும். முதலில் கூரைக் கட்டு. இதில் சில்லறை மிச்சம் பிடித்தால் வீடே செலவாகிவிடும். அடுத்தது தளத்துக்கு வெள்ளை. சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்தால், விழுகிற வெயிலில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். தெலங்கானா மாநிலம் 2023-ஆம் ஆண்டில் குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது இதனால்தான். மூன்றாவது, எதிரெதிராக ஜன்னல். மாலையில் வரும் கடற்காற்றைவிட மலிவான விசிறி எது? நான்காவது, தகட்டின் கீழ் கனலைத் தடுக்க ஒரு மச்சு. இவ்வளவும் ஆன பிறகு, தேவையானால், சூரிய விசிறி.

இவற்றில் எதற்கும் பெரிய வித்தை வேண்டியதில்லை. காலம் தவறாமை வேண்டும், அவ்வளவுதான். மாசியில் அடிக்க வேண்டிய சுண்ணாம்பை அக்கினி நட்சத்திரத்தில் அடித்துப் பயன் பாதிதான். புரட்டாசியில் முடுக்க வேண்டிய மரையையோ, கார்த்திகைப் புயல் நடுவே எவராலும் முடுக்க முடியாது.