ராயபுரத்து விரல், கோட்டை நாற்காலி

சத்தம் போடாமல் வாங்க. தேர்தல் நாள், இன்னும் ஏழு மணி ஆகவில்லை. ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம். வெளியே வரிசை நிற்கிறது, கதவு திறக்கவில்லை, ஆனால் உள்ளே ஓட்டு விழுந்துகொண்டிருக்கிறது! பதறாதீர்கள், இது மாதிரி வாக்குப்பதிவு. கட்சி ஏஜெண்டுகளின் கண்ணெதிரே குறைந்தது 50 ஓட்டு போட்டு, கூட்டிப் பார்த்து, அத்தனையையும் அழித்து, பூஜ்யத்தைக் காட்டி சீல் வைப்பார்கள். நேற்றுவரை மைக்கில் முறைத்துக்கொண்ட கட்சிக்காரர்கள் இங்கே ஒரே கேன் டீயைப் பங்கு போட்டுக் குடிக்கிறார்கள். எனக்குப் பிடித்த காட்சியே இதுதான்.

அப்புறம் உங்கள் முறை. பட்டன், 'பீப்', கண்ணாடிக்குள் ஏழு விநாடி எட்டிப் பார்க்கும் துண்டுச் சீட்டு. முடிந்தது. தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவர் எம்.எல்.ஏ. மற்றவர்கள் ஒரு லட்சம் வாங்கியிருந்தாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். 2021இல் திருவொற்றியூரில் நின்ற சீமான் மூன்றாம் இடம். அவர் கட்சி மாநிலம் முழுக்க ஆறு சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றமாக இருந்தால் கதை வேறாகியிருக்கலாம். அங்கே ஆளுக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதிக்கு, இன்னொன்று கட்சிப் பட்டியலுக்கு. 129 பேரில் 56 பேர் அந்தப் பட்டியல் வழியாகவே உள்ளே வருகிறார்கள்.

சரி, சட்டப்பேரவை கூடும் கோட்டைக்குப் போவோம். ராயபுரத்தில் ஆட்டோ ஏறினால், கொஞ்ச நேரத்தில் புனித ஜார்ஜ் கோட்டை. பேரவைத் தலைவரின் நாற்காலியைப் பாருங்கள்! 1922இல் வில்லிங்டன் பிரபு கொடுத்த பரிசு. வெள்ளைக்கார கவர்னர் தந்த அந்த நாற்காலியில் 2011 முதல் 2012 வரை உட்கார்ந்திருந்தவர் நம்ம ராயபுரத்து எம்.எல்.ஏ. டி. ஜெயக்குமார். இதே தொகுதியில் ஐந்து முறை ஜெயித்தவர், 2021இல் தோற்றார்.

அவை ஒரு திருக்குறளோடு தொடங்கும். பிறகு கேள்வி நேரம். கடலோரத்து உறுப்பினர் எழுந்தால் பெரும்பாலும் கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு கேட்பார். அமைச்சர் எழுந்தால் 'ஆவன செய்யப்படும்' என்பார். இந்த இரண்டு சொல்லில் எத்தனை வருஷம் அடங்கும் என்று கடலரிப்பில் வீடிழந்தவர்களைத்தான் கேட்கவேண்டும்.

இன்னொரு வேடிக்கை. நீங்கள் ரகசியமாக ஓட்டு போட்டு அனுப்பிய ஆள், உள்ளே பகிரங்கமாக எழுந்து நிற்கவேண்டும். 2017 பிப்ரவரி 18, அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு: உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. கொறடா உத்தரவை மீறினால் பதவிக்கே ஆபத்து.

ராயபுரத்திலிருந்து கோட்டைக்கு இன்னொரு வழியும் உண்டு. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம். 1967இல் அந்தக் கூட்டம் ஆளுங்கட்சியாகக் கோட்டைக்குள். அதே ஆண்டு ஜூலை 18, மாநிலத்தின் பெயரை 'தமிழ்நாடு' என்று மாற்றப் பேரவையில் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் மாநிலத்தின் பெயரைத் தானே மாற்றும் அதிகாரம் பேரவைக்குக் கிடையாது! நாடாளுமன்றம் சட்டம் போட்டு, 1969 ஜனவரி 14இல்தான் பெயர் வந்தது.

எது கோட்டையுடையது, எது டெல்லியுடையது? வடசென்னையில் ஒரு சுற்று சுற்றினாலே தெரியும். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் டெல்லி. அதன் வாசலில் நிற்கும் போலீஸ்காரர் கோட்டை. சென்னைத் துறைமுகம் பெருந்துறைமுகம், அதனால் டெல்லி. எண்ணூர் காமராஜர் துறைமுகமும் அப்படியே. அதை ஒட்டியிருக்கும் காட்டுப்பள்ளியோ சிறு துறைமுகக் கணக்கு, அதைக் கவனிப்பது தமிழ்நாடு கடல்சார் வாரியம். ஒரே அலைதான் இரண்டிலும் மோதுகிறது.

மீனுக்கும் எல்லை உண்டு. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலப் பட்டியல், அதைத் தாண்டினால் ஒன்றியப் பட்டியல். காசிமேட்டு ஏலத்தில் பளபளவென்று கிடக்கும் வஞ்சிரம், பிடிபட்ட நேரத்தில் எந்த அரசின் கீழ் நீந்திக்கொண்டிருந்ததோ!