வீட்டுக் கடனை அடைத்தாயிற்று, பத்திரம் எப்போது கைக்கு வரும்?

கடைசித் தவணையையும் கட்டிவிட்டீர்கள். பத்திரத்தை வாங்க வங்கிக்குப் போகிறீர்கள். "பத்திரம் இங்க இல்ல சார், மேல எழுதியிருக்கோம், வந்ததும் கூப்பிடுறோம்" என்கிறார்கள். ஒரு மாதம் போகிறது, மூன்று மாதம் போகிறது. யாரும் கூப்பிடுவதில்லை. திரும்பப் போனால் அந்த அதிகாரி மாற்றலாகியிருக்கிறார். புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படி அலைய வேண்டுமா? வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று ஓர் உத்தரவு போட்டது. கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள், அடமானமாக வாங்கிய அசல் ஆவணங்கள் எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட வேண்டும். கடன் கொடுத்தவர் பக்கத்துத் தவறால் தாமதமானால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.5,000 உங்களுக்கு இழப்பீடாகத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

'நான் வாங்கியது வங்கியில் இல்லையே, வீட்டுக் கடன் நிறுவனத்தில்தானே' என்று நினைக்கலாம். அரசு வங்கி, தனியார் வங்கி, கூட்டுறவு வங்கி, வீட்டுக் கடன் நிறுவனம் எல்லாவற்றுக்கும் இந்த உத்தரவு பொருந்தும்.

கணக்கைப் பாருங்கள். மார்ச் 10 அன்று கடன் அடைந்தது என்றால், ஏப்ரல் 9க்குள் பத்திரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏப்ரல் 29 அன்றுதான் தந்தார்கள் என்றால் 20 நாள் தாமதம், இழப்பீடு ஒரு லட்சம் ரூபாய். சிறிய தொகை இல்லை. ஆனால் நீங்கள் கேட்காமலே அது உங்கள் கணக்குக்கு வந்து சேரும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த 30 நாள் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? வங்கியின் கணக்கில் கடன் முழுவதும் முடிந்த நாளிலிருந்து. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நீங்கள் கடைசித் தவணையைக் கட்டிய நாளும் வங்கியின் கணக்கில் கடன் முடிந்த நாளும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. எப்போதோ ஒரு தவணை இரண்டு நாள் தள்ளிப் போயிருக்கும். அதற்கான வட்டியோ, காசோலை திரும்பியதற்கான கட்டணமோ சில நூறு ரூபாய் பாக்கி நிற்கும். அதனால் கணக்கு மூடப்படாமல் கிடக்கும். யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து வேறு கடனுக்குப் போகும்போதுதான் 'பாக்கி உள்ளது' என்று சிபிலில் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில்) தெரிய வரும்.

அதனால் கடைசித் தவணைக்கு ஒரு மாதம் முன்பே கிளைக்குப் போய், கடனை முடிக்கக் கட்ட வேண்டிய மொத்தத் தொகையின் கணக்கைத் தாளில் கேளுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்திருக்க வேண்டும். வட்டி நாள் கணக்கில் ஏறுவதால், அந்தத் தொகை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள்.

தவணைகளின் எண்ணிக்கையையும் அப்போதே கேளுங்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும்போது வாங்கும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. அப்போது பல வங்கிகள் மாதத் தவணையைத் தொடாமல் தவணைக் காலத்தை மட்டும் நீட்டிவிட்டன. 20 வருடக் கடன் என்று நீங்கள் நம்பியிருப்பது இப்போது 20 வருடமாகவே இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

முன்கூட்டியே அடைக்கிறேன், அதற்குக் கட்டணம் கேட்கிறார்களே? ஃப்ளோட்டிங் வட்டியில் (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டியில்) தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி முடிப்பதற்கு வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. 2012 முதலே இந்தத் தடை இருக்கிறது. தவணை தவறியதற்கு அபராதம் போடலாம். ஆனால் அந்த அபராதத்தின் மீது மறுபடி வட்டி போடக் கூடாது. புரியாத பெயரில் ஒரு வரி இருந்தால், "இது கடன் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பக்கத்தைக் காட்ட முடியாவிட்டால், நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

பணம் கட்டியதும் கையோடு இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதாமாதம் தவணையைத் தானாக எடுக்கக் கொடுத்திருந்த ஒப்புதலை ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் முடிந்த கடனுக்கும் அடுத்த மாதம் பணம் எடுத்துவிடுவார்கள், அதைத் திரும்ப வாங்குவது தனி அலைச்சல்.

மற்றது, கடிதம். வாய்வார்த்தையாகக் கேட்டதற்குச் சாட்சி இல்லை. பெரிதாக எதுவும் எழுத வேண்டாம். "எனது இன்ன எண் வீட்டுக் கடனை இன்ன தேதியில் முழுவதும் அடைத்துவிட்டேன். பாக்கி இல்லை என்ற சான்றையும், இணைப்பில் உள்ள பட்டியல்படி எனது அசல் ஆவணங்களையும் 30 நாளுக்குள் தர வேண்டுகிறேன்" என்றால் போதும். இரண்டு படி எடுத்து, உங்கள் படியில் வங்கி முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தேதிதான் பின்னால் உங்கள் ரூ.5,000 கணக்குக்குச் சாட்சி.

பத்திரம் கிளையில் இல்லை என்பது உண்மையாக இருக்குமா? பெரும்பாலும் உண்மைதான். பல வங்கிகள் ஆவணங்களை வேறு ஊரில் ஒரே பெட்டகத்தில் சேர்த்து வைக்கின்றன. ஆனால் வரவழைப்பது அவர்கள் வேலை, அதற்குத்தான் 30 நாள் அவகாசம். கடன் கணக்கு இருந்த கிளையிலேயே வாங்கிக்கொள்வதா, ஆவணம் இருக்கும் வேறு அலுவலகத்தில் வாங்கிக்கொள்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது.

வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். கடன் வாங்கியபோது தந்த ஆவணப் பட்டியலை எடுத்துப் போங்கள். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், மற்றவை என ஒவ்வொன்றாகப் பக்கம் எண்ணி, அசலா நகலா என்று பார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்கள்.

தொலைத்துவிட்டார்கள் என்றால்? சான்றிட்ட நகல் வாங்க வங்கி உதவ வேண்டும், அந்தச் செலவையும் வங்கியே ஏற்க வேண்டும். இதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு, அதாவது 60 நாளுக்குப் பிறகு நாளுக்கு ரூ.5,000 கணக்கு தொடங்கும். நகல்தான் இருக்கிறதே என்று சமாதானமாகிவிடாதீர்கள். வீட்டை விற்கப் போனால், அசல் வேறெங்காவது அடமானத்தில் இருக்குமோ என்று வாங்குபவர் தயங்குவார். தொலைந்தது தங்களிடம்தான் என்று வங்கி எழுதிய கடிதம் உங்களிடம் இருக்கட்டும்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், வாரிசுகளிடம் ஆவணங்களைத் தருவதற்கான நடைமுறையை ஒவ்வொரு வங்கியும் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். என்னென்ன சான்று வேண்டும் என்பதை அதில் பார்த்துக்கொண்டு போனால் நான்கு நடை மிச்சம்.

எல்லாம் செய்தும் பதில் இல்லை என்றால் எங்கே போவது? முதலில் அந்த வங்கியின் குறைதீர் பிரிவுக்குப் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, கடன் வங்கியில் வாங்கியதாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம்) போகலாம். சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் பதியலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வங்கியைக் கேட்காமல் நேராக அங்கே போனால் புகாரை ஏற்க மாட்டார்கள். முத்திரை வாங்கிய அந்தக் கடிதத்தை இணைக்க மறக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு வேலை மீதம் இருக்கும். கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான பதிவு) போட்டிருப்பீர்கள். பத்திரம் கைக்கு வந்தாலும், வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். கடன் தீர்ந்ததென்று வங்கி எழுதித் தரும் ரசீதுப் பத்திரத்தைப் பதிவு செய்தால்தான் அது தீரும். பதிவகங்களில் உள்ள அடமானப் பதிவையும் 30 நாளுக்குள் நீக்க வேண்டும் என்று அதே ரிசர்வ் வங்கி உத்தரவு சொல்கிறது. எனவே பத்திரத்துக்குக் கொடுக்கும் கடிதத்திலேயே, ரசீதுப் பத்திரத்தில் கையெழுத்திட அதிகாரி எந்த நாளில் வருவார் என்றும் கேட்டுவிடுங்கள். பதிவு முடிந்த சில நாள் கழித்து, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். எம்.ஓ.டி. பதிவுக்குப் பிறகு ரசீதுப் பத்திரத்தின் எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.